மலைநாட்டு அடுப்பில் கடற்பாசி

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் போய்க் "கடற்பாசி இருக்கா" என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது சைனா கிராஸ் பக்கெட். சைனா மொஸ் என்றும் சொல்வார்கள். வெள்ளை நாடாவாகவோ தூளாகவோ இருக்கும். பாசியை அவித்து, வடித்து, உறையவிட்டுக் காயவைத்தால் கிடைக்கும் அகார் அது. புத்தளம், கல்பிட்டி, மன்னார்ப் பக்கத்து ஆட்கள் மூலமாக வந்து சேரும் நூல் நூலான காய்ந்த பாசி வேறு. அது முழுப்பாசி, கஞ்சிப்பாசி. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் ஜப்பானிய, கொரியப் பக்கெட்டுகளான கொம்பு, வகமே, நோரி எல்லாம் இன்னொரு வகை.

இவை மூன்றையும் "அயடின் நிறைய இருக்கு, உடம்புக்கு நல்லம்" என்று ஒரே பேச்சில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. சைனா கிராஸில் அயடின் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கொம்பில் ஒரே ஒரு கிராமில் ஒரு வாரத் தேவையைத் தாண்டிய அயடின் இருக்கக்கூடும். என்னைக் கேட்டால், மலைநாட்டு வீட்டுக்குக் கடற்பாசி வேண்டியது ருசிக்கும் நார்ச்சத்துக்கும்தான். அயடினுக்கு உப்புப் போத்தல் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எவ்வளவு போடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

கஞ்சிப்பாசி: பார்த்து வாங்குவதும் கழுவுவதும்

கிரசிலாரியா எடுலிஸ் என்பது இதன் அறிவியற் பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருந்து நூல்களில் "சிலோன் மொஸ்" என்று இடம்பிடித்த பாசி இதுதான். நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள்.

நல்ல பாசி உருண்டை நூலாக இருக்கும், கவை கவையாகப் பிரியும், காய்ந்திருந்தால் வளைத்ததும் முறியும். வளைத்தால் ரப்பர் போல வளைந்துகொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கடலுப்புதான். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். பஞ்சு போல ஒட்டியிருந்து புழுங்கல் வாடை வந்தால் பூஞ்சணம், வாங்க வேண்டாம். தட்டையான பச்சை நாடாக்கள் கலந்திருந்தால் அவை கடற்புல்லும் வேறு பாசிகளும். பொறுக்கி எறிந்துவிடலாம். ஆனால் அவை அதிகமாக இருந்தால் கஞ்சிக்குப் புல்வாடை வரும்.

கழுவுவதில் அவசரப்படக் கூடாது. முதலில் காய்ந்த பாசியைத் தாச்சியில் போட்டுக் கையால் கிளறி உதறுங்கள். மணலில் பாதி அப்போதே கொட்டும். நேரே தண்ணீரில் போட்டால் பாசி ஊதி, மணல் கிளைகளுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு நிறையத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, பாசியைக் கையால் தூக்கி எடுங்கள். சட்டியைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மணல் திரும்பப் பாசிமேலேயே விழும். இதையே நாலைந்து தடவை செய்து, தண்ணீர் தெளிந்து உப்புச்சுவை போனதும் நிறுத்தலாம். கவைகளில் சிறு சிப்பி ஓடுகள் ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு ஓடு பல்லில் பட்டால் அந்தக் கோப்பையையே யாரும் தொட மாட்டார்கள்.

ஊதா, பழுப்பு நிறத்தில் வரும் பாசி வெளுக்க வேண்டுமானால் கழுவிப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைக்க வேண்டும். மூன்று நாலு சுற்றில் மஞ்சளாகி வெளுத்துவிடும், கடல் வாடையும் இறங்கும். மலையில் இதற்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோதான காலம். மே மாதத்துக்குப் பிறகு மழையும் மூட்டமுமாக இருக்கையில் முயன்றால் வெளுப்பதற்கு முன் அழுகிவிடும். ஏற்கெனவே வெளுத்த பாசியாக வாங்குவதே உசிதம்.

மலையில் ஜெலி உறையாமல் போவது ஏன்

சைனா கிராஸ் சரியாகக் கரையவில்லை, அடியில் கட்டி நிற்கிறது, மேலே தண்ணீராகக் கிடக்கிறது என்ற புகார் மலைநாட்டில்தான் அதிகம். சரக்கைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் உயரம். அகார் கரைவதற்கு 85 பாகைக்கு மேல் சூடு நின்று பிடிக்க வேண்டும். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். கண்டியில் அது ஏறக்குறைய 98, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96, சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94. பொங்கிக் குமிழி வருகிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டால், கொழும்பில் கரைந்திருக்கும் அகார் இங்கே பாதிதான் கரைந்திருக்கும். பக்கெட்டில் "2 நிமிடம் கொதிக்கவிடவும்" என்று அச்சடித்திருப்பது நமக்குப் பொருந்தாது.

சைனா கிராஸ் நாடாவாக இருந்தால் 1 லீற்றர் திரவத்துக்கு 10 கிராம், தூளாக இருந்தால் 8 கிராம். நாடாவைக் கத்தரித்து அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட வேண்டும். தூளையும் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் நேரே தூவினால் வெளிப்பக்கம் மட்டும் ஊதி, உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். அவை பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. மூடி போட்டு, மெதுவான கொதியில் 8 முதல் 10 நிமிடம். அகப்பையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடித் துகள் போலப் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். சீனியை அகார் முழுவதும் கரைந்த பிறகே போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் சீனி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அகாருக்குப் போதாமல் போகும்.

முழுப்பாசியில் செய்வதானால் கழுவிக் காயவைத்த எடையில் 40 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லீற்றர். திறந்த சட்டியில் நுவரெலியா உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் உயரத்தின் தொல்லையே இல்லை. பாதிக்கு மேல் நிரப்பாமல், ஆவி பிடித்ததும் அடுப்பைக் குறைத்து 15 நிமிடம். பாதிக்கு மேல் நிரப்பினால் குழகுழப்பான நுரை ஏறி விசில் குழாயை அடைக்கும். ஆவி தானாக இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

வடிக்கும் இடத்தில்தான் குளிர் நம்மைப் பிடிக்கும். இந்தப் பாசிக் கஞ்சி 40 பாகைக்கு அருகில் வந்ததும் உறையத் தொடங்கும். சமையலறை 15 பாகையில் இருக்கும்போது, குளிர்ந்த துணியில் ஊற்றினால் துணிக் கண்ணிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே வடிதுணியையும் கீழே பிடிக்கும் பாத்திரத்தையும் சுடுதண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு, குக்கர் திறந்த சூட்டிலேயே வடித்துவிட வேண்டும். பால் சேர்ப்பதாக இருந்தால் பாலும் சூடாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் 300 மில்லிலீற்றரைக் கொதிக்கவிடாமல், விரல் பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் அந்த நொடியே நூல் நூலாகத் திரிந்து நிற்கும். கெட்டுப்போன பால் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் கரையும்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் விரலால் தள்ளினால் சொட்டு அப்படியே நகர வேண்டும். பரவினால் இன்னும் காய்ச்சி வற்றவிட வேண்டும். முழுப்பாசி ஜெலி சைனா கிராஸ் ஜெலியை விட மென்மையாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் காரத்தில் ஊறவைத்து அகாரின் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். வீட்டுப் பாசிக்கு அது கிடையாது. கத்தியால் வெட்டுகிற மாதிரி வராது, கரண்டியால் அள்ளுகிற மாதிரி வரும். எனக்கு அந்த மென்மைதான் பிடிக்கும்.

இன்னொரு முக்கியமான காரணம் புளிப்பு. மரத்தக்காளி, பேஷன் புரூட், தேசிக்காய், நுவரெலியா ஸ்ட்ரோபெரி எல்லாம் இந்த ஜெலிக்கு அருமையான சோடி. ஆனால் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகாரின் நீளச் சங்கிலிகள் அறுந்து போகும், பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாது. அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் இறங்கிய பின், பழச்சாற்றை அறைச் சூட்டில் வைத்து, கடைசியாகக் கலக்க வேண்டும். அன்னாசி, பப்பாளிப் பழங்களில் ஜெலட்டின் உறையாது. அகாருக்கு அந்தக் கவலை இல்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் இது ஏற்ற பண்டம். மலைக்குளிரில் மேசைமேல் மூடி வைத்தாலே அரை மணி நேரத்தில் பிடித்துவிடும். உறைந்த ஜெலி திரும்ப உருக 85 பாகை வேண்டும் என்பதால் பகல் வெயிலிலும் இளகாது. பால் சேர்த்ததை மட்டும் அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். ஐஸ் கட்டி உறையும் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். தண்ணீர் பிரிந்து பஞ்சாகிவிடும்.

ஒரு லீற்றருக்குச் சீனி 80 முதல் 100 கிராம் போதும். டின்பால் ஒரு முழு டின்னை ஊற்றினால் அதிலேயே இருக்கும் சீனி இந்த அளவைத் தாண்டிவிடும். அகாரில் நார்ச்சத்துதான் பெரும்பங்கு, கலோரி மிகக் குறைவு. வயிறு நிறைந்த உணர்வைத் தரும், மலச்சிக்கலுக்கு உதவும். அந்த நன்மையைச் சீனியால் கெடுக்க வேண்டியதில்லை. கரைக்காத அகார் தூளை "உடம்பு இளைக்க" என்று தண்ணீரில் கலக்கி விழுங்கவே கூடாது. தொண்டையில் ஊதி அடைத்துவிடும்.

பாசிச் சம்பல்

20 கிராம் காய்ந்த கஞ்சிப்பாசி நாலு பேருக்குப் போதும். கழுவி ஊறவைத்த பாசியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று நாலு நிமிடம் விட்டால் வழுவழுப்பாகி நறுக்கென்ற தன்மை போய்விடும். அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம் 8, பச்சைமிளகாய் 2, ஒரு தேசிக்காயின் சாறு. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பாசியிலேயே கொஞ்சம் இருக்கும். துருவிய கரட் சேர்த்தால் இனிப்பும் நிறமும் வரும். ரொட்டிக்கு நன்றாகச் சேரும்.

கடற்கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளிக்கொண்டு வந்து இப்படிச் செய்ய வேண்டாம். 1991இல் குவாம் தீவில் இதே கிரசிலாரியா இனத்துப் பாசியைச் சாப்பிட்ட 13 பேருக்கு நஞ்சேறி 3 பேர் இறந்தார்கள். எந்தக் கடல், எந்தத் தண்ணீர் என்று தெரிந்து அறுவடை செய்கிறவர்களிடம் வாங்குவதுதான் சரி. அதே போல, மலையில் ஓடைக்கல்லிலும் குளத்திலும் படரும் பாசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டங்களிலிருந்து வழியும் மருந்துத் தண்ணீரில் வளர்வது அது. நச்சு நீலப்பச்சைப் பாசியும் அதில் இருக்கலாம்.

கொம்பும் மாசியும்

ருசி என்று வந்தால் கொம்புக்கு நிகர் இல்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கொம்புச் சாற்றிலிருந்துதான் குளுட்டமேற் என்ற ருசிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, காய்ந்த சூரை மீனிலிருந்து இனோசினேற் என்ற இன்னொரு ருசிப்பொருளைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக வராது, பெருக்கலாக வரும். நம்முடைய மாசிக் கருவாடு அந்தக் காய்ந்த சூரைக்கு நெருங்கிய உறவு. அதாவது பருப்பில் ஒரு தேக்கரண்டி இடித்த மாசியும் சிறு கொம்புத் துண்டும் இருந்தால், இரண்டில் ஒன்றை இரட்டிப்பாகப் போட்டாலும் வராத ருசி வரும். விரத நாளில் மாசி இல்லாமல் செய்யும் சொதிக்குக் கொம்போடு தக்காளி ஒன்று நசுக்கிப் போட்டால் குறை தெரியாது.

தீப்பெட்டி அளவுத் துண்டு ஏறக்குறைய 2 கிராம். அதை 1 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். நம் குழாய்த் தண்ணீரின் குளிரே இதற்கு வாய்ப்பு. சமவெளி வெக்கையில் இப்படி வெளியே வைத்தால் புளித்துவிடும். காலையில் மெல்லிய தீயில் வைத்து, சட்டி ஓரத்தில் சிறு குமிழி கட்டத் தொடங்கியதும் துண்டை எடுத்துவிட வேண்டும். அதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அல்ஜினேற் என்ற பாசிப் பசை கரைந்து சாறு வழுவழுக்கும், கசப்பும் ஏறும். பருப்போடு குக்கரில் போடவே கூடாது. பருப்பைத் தனியே அவித்து, இந்தச் சாற்றை ஊற்றி, தாளித்து இறக்குங்கள். லீக்ஸ், நோக்கோல், உருளைக்கிழங்கு போட்ட சொதிக்கும் இதுவே முறை. எடுத்த துண்டை மெல்லிய நாராக வெட்டி வதக்கிச் சாப்பிடலாம் என்றாலும், அயடின் கணக்கை நினைத்து நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

கொம்பின் மேலுள்ள வெள்ளைப் பூச்சைக் கழுவக் கூடாது. அது மனிற்றோல், லேசான இனிப்பு, ருசியில் அதற்கும் பங்குண்டு. ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றினால் போதும்.

அயடின் கணக்கு

மலைநாட்டின் ஓயாத மழை மண்ணிலிருந்த அயடினை அரித்துக் கொண்டுபோய்விடுகிறது. ஈரவலயத்தில் கழுத்துக்கழலை பரவலாக இருந்ததற்கு அது ஒரு காரணம். 1995இல் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமானது. ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயடின் இருந்தால், 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம் கிடைக்கும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 வேண்டும், கர்ப்பிணிக்கு 250. மீதி மீன், முட்டை, பாலிலிருந்து வரும். உப்பை அடுப்போரத்தில் திறந்து வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயடின் குறையும். மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. பாசி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கொம்பில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2,000 மைக்ரோகிராம் அயடின் இருப்பது சாதாரணம், கூடவும் செய்யும். வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு ஐரோப்பாவில் 600, அமெரிக்காவில் 1,100. 2 கிராம் கொம்புச் சாற்றை ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 600 அளவில் வரும். அதனால்தான் அந்தத் தீப்பெட்டி அளவும், வாரத்துக்கு ஒரு முறைதான் என்று நான் வைத்திருக்கும் கட்டுப்பாடும். ருசி பிடித்துப்போய்த் தினமும் போட்டால் தைரொயிட் சுரப்பி கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்யத் தொடங்கலாம். கழலையே வரலாம், குறைந்தாலும் வரும், மிஞ்சினாலும் வரும் நோய் அது. தைரொயிட்டுக்கு மருந்தெடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கைக்குழந்தைகள் கொம்பைத் தவிர்க்கட்டும். தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள் நார்ச்சத்து மிகுந்த பாசி ஜெலியையும் குளிசைக்கு நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுவது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களுக்கு நோரியிலும் வகமேயிலும் உள்ள விற்றமின் கே இடைஞ்சல் தரும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம். இவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

ஹிஜிக்கி என்ற கறுப்புப் பாசியை எந்த விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதில் கனிம ஆர்சனிக் அதிகம், பிரித்தானிய உணவுத்துறையே சாப்பிட வேண்டாம் என்கிறது.

"சீ மொஸ் ஜெல்" என்று இணையத்தில் கொள்ளை விலைக்கு வருவதில் பெரும்பகுதி நம் கஞ்சிப்பாசியின் இனம், அல்லது வடக்கில் கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் என்ற பாசி. 40 கிராம் பாசியும் ஒரு குக்கரும் இருந்தால் அதே பண்டம் வீட்டிலேயே ஆகும்.

நோரி, பிறகு பாதுகாப்பு

நோரிதான் தினசரிக்கு ஏற்றது. ஒரு தாள் 3 கிராம் அளவில், அயடின் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோகிராமுக்குள். மலையில் பக்கெட்டைத் திறந்த அன்றே அது நமுத்துவிடும். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, பக்கத்துக்குப் பத்து விநாடி காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும், நிறம் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பழுப்பானால் கருகிவிட்டது, கசக்கும். 3 தாள், வறுத்த எள் 3 மேசைக்கரண்டி, வறுத்த செத்தல்மிளகாய் 4, உப்பு அரைத் தேக்கரண்டி. ஆறிய பின் கொரகொரப்பாக இடித்தால் சோற்றுக்கும் அவித்த மரவள்ளிக்கும் நல்ல பொடி. சூட்டோடு இடித்தால் எள்ளின் எண்ணெய் கக்கிக் கட்டியாகும். நோரியில் பி12 இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

எல்லாப் பாசிக்கும் எதிரி இங்கே மூடுபனி. கண்ணாடிப் போத்தலில், அடியில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மூடியை இறுக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை அரிசியை மறுபடி வறுக்க வேண்டும். விறகடுப்புக்கு மேல் பரணில் கட்டினால் ஈரம் போகும், ஆனால் பாசி புகையை இழுத்துக்கொள்ளும். ஜெலியில் கருவாட்டு வாடை வருவதற்கு அதுதான் காரணம். கொம்பில் வெள்ளை தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சீராகப் படிந்து மாவாக உதிர்ந்தால் மனிற்றோல். திட்டுத் திட்டாக, மயிர் போல எழும்பி, ஓரத்தில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் பூஞ்சணம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது, போத்தலில் உள்ள அத்தனையையும் எறிந்துவிட்டு, போத்தலைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.